தெருவின் இரு சிறகுகள்: தமிழகக் குடியிருப்புத் தெருக்களின் அளவும் உரிமையும்

தமிழில் வழிகளைக் குறிக்கும் சொற்கள் பல. தெரு, மறுகு, வீதி, ஆவணம், பெருவழி, முடுக்கு, சந்து என விரியும் இச்சொற்கள் ஒரே பொருளைச் சுட்டும் பல பெயர்கள் அல்ல. முடுக்கு என்றதும் குறுகல் தோன்றும். ஆவணம் என்றதும் கடையும் விலையும் தோன்றும். வீதி என்றதும் உலாவும் தேரும் தோன்றும். அகலமும் பயனும் சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளன. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அகன்று நீண்ட தெருவை ஆற்றோடு ஒப்பிடுகின்றது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை புகாரின் தெருக்களைத் தொழில் வாரியாக வகுத்துக் காட்டுகின்றது. தெருவின் அழகைப் புலவர் பாடினர். அத்தெருவின் அளவை வகுத்தவர் யார், எதை எண்ணி வகுத்தனர் என்னும் வினா இலக்கிய ஆய்வில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

புதிய குடியிருப்பில் தெரு எவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும், அது எவ்வாறு கட்டப்படுதல் வேண்டும் என்னும் இரு வினாக்களும் பொறியியல் சார்ந்தவை போலத் தோன்றும். வரலாற்றில் இவை தனித்து நின்றதில்லை. அத்தெருவில் யார் நடக்கலாம் என்னும் மூன்றாம் வினாவுக்குரிய விடையும் இவற்றோடு சேர்த்தே எழுதப்பட்டு வந்துள்ளது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வெட்டுகள் காட்டும் தெரு

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய செய்தி அறிஞர் நன்கறிந்தது. அக்கல்வெட்டு அவர்தம் பெயர்களை மட்டும் தரவில்லை. எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தப் பக்கம், வரிசையில் எத்தனையாவது வீடு என ஒவ்வொருவர்க்கும் முகவரி தருகின்றது. தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசைக்கு அது வழங்கும் சொல் 'சிறகு' என்பதாகும். தென்சிறகு, வடசிறகு என்னும் வழக்கு தஞ்சை வட்டாரத்தில் பிற்காலத்திலும் தொடர்ந்தது. இரு பக்க வீடுகளையும் இரு சிறகுகளாகக் கண்ட மரபில் தெரு என்பது இரு வரிசைகளையும் தாங்கும் உயிருள்ள நடுவுடல். வீடுகளுக்கு இடையே எஞ்சிய வெற்றிடமாக அம்மரபு தெருவைக் கருதவில்லை.

ஆயினும் அதே மன்னன் காலத்துக் கல்வெட்டுகள் வேறொன்றையும் சொல்கின்றன. ஊர்களின் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடுமிடத்துக் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை தனித்தனியே குறிக்கப்பெறுகின்றன. சங்கப் பாடல்களில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்னும் பொதுப்பொருளில் நின்ற சொல். சோழர் காலத்தில் அதன் முன் 'தீண்டா' என்னும் அடை ஏறிவிட்டது. தெருக்கள் திட்டமிடப்பட்ட போதே பிரிவினையும் திட்டமிடப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள ஒரு கல்வெட்டு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டமுடைய மன்னன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை அதில் வழங்குகின்றான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டலாம். வெளியே செல்லுங்கால் காலில் செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். அவ்வாணை பிறக்கும் வரை, ஊர்க்கே கட்டடம் அமைத்துத் தந்த கைவினைஞர் தம் சுவருக்குச் சாந்து பூச இயலாதிருந்தனர் என்பது இதனால் பெறப்படும். கட்டுமான விதியும் நடமாட்ட விதியும் ஒரே ஆணையில், ஒரே கல்லில் இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது.

தேர் வகுத்த அகலம்

கோயில் நகரங்களில் தெருவின் அகலத்தைப் பெரிதும் வகுத்தது தேர். மதுரையில் ஆடி வீதி கோயில் மதிலுக்குள் அமைய, அதனைச் சூழ்ந்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றை ஒன்று வளைத்துச் செல்லும் சதுரங்கள் நாயக்கர் காலத்தில் நிலைபெற்றன. சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில். திருவிழா மாதம் மாறிய பின்னும் வீதிகள் பழைய பெயரைக் காத்து நிற்கின்றன.

தேரோடும் வீதிக்கு மூன்று இயல்புகள் வேண்டும். தேரின் அகலத்திற்கு இருபுறமும் மக்கள் நிற்க இடம் வேண்டும். வடம் பிடித்து நேரே இழுக்கும் நீளம் வேண்டும். முனையில் தேர் திரும்பத்தக்க வெளி வேண்டும். இன்றைய நகரமைப்பு விதிகள், தெருக்கள் கூடும் இடத்தில் முனைமனையின் கூர்மையை வெட்டி வளைவுக்கு இடம் விடுமாறு கூறுகின்றன. தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு இன்று வேண்டப்படுவது அன்று தேருக்கு வேண்டப்பட்டது. ஆனால் ஊர் கூடி இழுத்த தேர் என்னும் வழக்கில் 'ஊர்' என்பதன் எல்லை எது என்னும் வினா எஞ்சுகின்றது. தேரோடும் வீதியில் கால் வைக்கவும் உரிமையற்றோர் தமிழகத்து ஊர்களில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். அகன்ற வீதி அனைவர்க்கும் உரிய வீதியாக இருந்ததில்லை.

நோயும் சட்டமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெருவின் அளவுக்கு வேறொரு காரணம் பிறந்தது. அது நோய். இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி 1877இல் வெளிவந்த மாதிரி விதிகள், வண்டி செல்லும் புதுத்தெருவுக்கு 36 அடி அகலம் வேண்டும் என வகுத்தன. காற்றும் வெளிச்சமும் புகுதலும் கழிவுநீர் வடிதலும் அவற்றின் நோக்கம். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய்க்குப் பின் இக்கருத்து இந்திய நகரங்களிலும் வேரூன்றியது. நெருங்கிய குடியிருப்புகளின் நடுவே நேர்கோட்டில் அகன்ற தெருக்களை வெட்டுவதே சுகாதாரம் என்று பொறியாளர் பலர் கருதினர்.

இக்கருத்தை மறுத்தவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து உயிரியல் அறிஞர். சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியரின் எம்டன் கப்பல் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டப்பட்ட படங்களோடு 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் அவர் தஞ்சை, மதுரை முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் போட அதிகாரிகள் திட்டமிட்டிருந்த இடத்தில், சிதைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளை இயன்ற அளவு திருத்தி, சிறு வெளிகளில் மரம் நட்டால் போதும் எனக் காட்டினார். மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த குடும்பங்களை வெளியேற்றி அதே பயனை அடையலாம் என்பது அவர் வாதம். உறுப்பை வெட்டி எறியாமல் காக்கும் அறுவை மருத்துவத்தை அவர் உவமையாகக் கொண்டார். அளவுகோலை எடுக்குமுன் அங்கு வாழ்வோரைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் அறிக்கைகளின் சாரம் எனலாம்.

1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பம்பாயின் 1915ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அடுத்துத் தோன்றியது இது. அதே 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் புதுத்தெரு பற்றித் தெளிவான கடமையை விதித்தது. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் அம்மனைகளுக்குத் தெரு அமைத்து, அதனை ஏற்கெனவே உள்ள பொதுத்தெருவோடு இணைத்துத் தருதல் வேண்டும். அவ்வாறு அமைக்கும் தனியார் தெருவின் போக்கும் மட்டமும் அகலமும் நகராட்சியின் ஒப்புதல் பெற வேண்டும். சமன் செய்து, கல் பரப்பி, வடிகால் அமைத்து, விளக்கிட்டு முடித்த பின் அதனைப் பொதுத்தெருவாக அறிவிக்கச் செய்யும் வழியையும் அச்சட்டம் வகுத்தது.

1924: அளவைக் கடந்த தீர்மானம்

பொதுத்தெரு என்று சட்டம் சொன்ன இடத்தில் பொது என்பதன் பொருளை நிலைநாட்டியவர் இரட்டைமலை சீனிவாசன். சென்னைச் சட்டமன்ற மேலவை எனப் பின்னாளில் வழங்கிய அவையில் அன்று உறுப்பினராயிருந்த அவர், பொதுத்தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது இடங்கள் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்பட்டது. செப்டம்பரில் அரசாணை பிறந்தது. அதே ஆண்டில் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான அறப்போர் நடைபெற்றதும், அதில் பெரியார் ஈ.வெ.ரா. சிறை சென்றதும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. 1920இன் சட்டங்கள் தெருவுக்கு அகலம் தந்தன. 1924இன் தீர்மானம் அதற்கு உரிமை தந்தது. இரண்டாவது இல்லாத முதலாவது தேர் வீதியின் பழைய கதையாகவே முடிந்திருக்கும்.

ஆணை பிறந்தவுடன் நடைமுறை மாறிவிடவில்லை. பின்வந்த பல பத்தாண்டுகளிலும் தெருவில் செருப்பணிந்து நடந்ததற்காகவும் மிதிவண்டி ஏறிச் சென்றதற்காகவும் தாக்கப்பட்டோர் உண்டு. கரூர்க் கல்வெட்டின் செருப்பு அத்துணை நூற்றாண்டுகளையும் கடந்து வந்தது.

மாம்பலம் முதல் மனைப்பிரிவு வரை

இச்சட்டங்களின் காலத்தில் எழுந்த பெருங்குடியிருப்பு சென்னையின் தியாகராய நகர். மாம்பலத்தில் நீண்டு கிடந்த ஏரியின் நிலத்தைத் தூர்த்து, 1920களில் பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு தெருக்கள் வகுக்கப்பட்டன. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் சாலைகளுக்குச் சூட்டப்பட்டன. ஏரி மறைந்தாலும் மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலைப் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. மழைக்காலத்தில் நீரும் நினைவூட்டத் தவறுவதில்லை.

விடுதலைக்குப் பின் 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அளவுகள் அடிக்கணக்கிலிருந்து மீட்டருக்கு மாறின. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகள், 120 மீட்டருக்கு மேற்படாமல் பத்து மனைகளுக்குப் பயன்படும் தெருவுக்கு 7.2 மீட்டரும், 240 மீட்டர் வரையிலானதற்கு 9 மீட்டரும், அதனினும் நீண்டு 400 மீட்டருக்கு உட்பட்டதற்கு 12 மீட்டரும், அதன்மேல் 18 மீட்டரும் குறைந்த அளவாக வகுத்தன. நீளம் மிகுந்தால் அகலமும் மிக வேண்டும் என்பது இதன் அடிப்படை. மனை விளம்பரங்களில் காணப்படும் '23 அடிச் சாலை, 30 அடிச் சாலை' என்னும் தொடர்களின் பிறப்பிடம் இவ்விதிகளே. 2019இல் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 1920இன் நகராட்சிச் சட்டத்தின் இடத்தை 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்து ஏற்றது.

விதிக்கு வெளியே வளர்ந்தவையும் பல. நஞ்சையில் சுண்ணாம்புக் கோடிட்டுக் கல் நட்டு விற்கப்பட்ட மனைகளில் தெரு என்பது வரைபடத்தில் மட்டும் இருந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தி மனையை முறைப்படுத்தலாம். ஆனால் வீடுகள் எழுந்துவிட்ட குறுகிய தெருவை அகலமாக்குவது எளிதன்று.

கட்டும் முறையிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தார்ச்சாலை நடுவில் சற்றே உயர்ந்து, நூற்றுக்கு இரண்டு என்னும் அளவில் இருபுறமும் சரிந்து, நீர் ஓரக் கால்வாயை அடைய வேண்டும். தெருவின் மட்டம் வீட்டுத் தரையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். பழைய பரப்பைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் இட்டதால் தெரு ஏறியது, வீடு பள்ளமாயிற்று. படியேறிப் புகுந்த வீட்டிற்குள் இன்று படியிறங்கிப் புக வேண்டியுள்ளது. பழைய பரப்பை அகழ்ந்து எடுத்த பின்னரே புதுச்சாலை இட வேண்டும் என 2021 செப்டம்பரில் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த நேர்ந்தது. தெருவுக்குப் புதிய பரப்புத் தரும் பணி அத்தெருவின் வீடுகளை மறந்ததன் விளைவு இது.

விடுபட்ட அளவு

மனைப்பிரிவு விதிகள் தெருவின் முழு அகலத்தைச் சொல்கின்றன. அந்த 7.2 மீட்டருக்குள் நடப்பவர்க்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் நடைமுறையில் விடுபட்டுப் போகின்றது. நடைபாதையில் தடையற்ற 1.8 மீட்டர் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகரின் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதை அமைந்தது. கடைத்தெருவுக்குக் கிடைத்த இப்பேறு குடியிருப்புத் தெருவுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அங்கு எஞ்சும் ஓரங்களை நின்ற கார்கள் நிறைக்கின்றன. தேர் ஆண்டுக்கொரு முறை தெருவை நிறைத்துவிட்டு நிலைக்குச் சென்றது. கார் நிலைக்குச் செல்வதில்லை. திண்ணை மறைந்தது, அதனோடு தெருவை நோக்கி அமர்ந்திருந்த முதியோரும் பெண்களும் உள்ளே சென்றனர். கோலத்திற்குரிய இடம் வாயிற்படியளவாகச் சுருங்கியது.

தொகுத்து நோக்குங்கால், தேர், நோய், கார் எனத் தெருவின் அளவை வகுத்த காரணங்கள் மாறி வந்துள்ளமை புலனாகும். எக்காலத்திலும் அளவு தன்னளவில் நீதியாகிவிடவில்லை. இன்றைய விதியில் போற்றத்தக்க கூறு ஒன்று உண்டு. புதிய மனைப்பிரிவின் தெருநிலத்தை உரிமையாளர் உள்ளாட்சிக்கு விலையின்றித் தானப்பத்திரம் எழுதித் தருதல் வேண்டும். அப்பத்திரம் பதிவாகும் நாளில் ஒருவரின் நிலம் ஊரார் அனைவரின் தெருவாகின்றது. மன்னர்தம் நிலக்கொடைகளில் சேரிகள் தனியே குறிக்கப்பட்டன. இக்கொடையில் அத்தகைய விலக்கு எதற்கும் சட்டத்தில் இடமில்லை.

அப்பத்திரங்களும் வரைபடங்களும் உள்ளாட்சி அலுவலகங்களில் உள்ளன. தெருவின் பழம்பெயர், சிறகு, அகலம், மட்டம், அதில் நடக்கும் உரிமை கிடைத்த ஆண்டு ஆகியவற்றை ஊர்தோறும் இலக்கிய வட்டத்தார் தொகுப்பின் அது தமிழுக்கும் ஊருக்கும் ஒருங்கே பயன்படும். கல்லில் எழுதியோர் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினர். இக்காலத்தார் அத்தெருவில் நடப்போரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.