மரம் யாருக்குரியது? வன்னி நிலவரலாறு பற்றிய ஒரு நோக்கு

வளிமண்டலக் காபனைப் பயிர்நிலத்து மரங்களிலும் மண்ணிலும் தேக்கிவைத்தல் இன்று உலகெங்கும் பேசப்படும் பொருளாகும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கு காபனே. உதிரும் இலையும் மடியும் வேரும் மண்ணின் காபனைப் பெருக்குகின்றன. ஆயின், பயிர்நிலத்தில் மரம் நிலைபெறுதல் இயற்கையின் செயல் மட்டுமன்று. அது காணியுரிமையின் வரலாற்றோடும் பிணைந்துள்ளது. மல்லாவியைச் சூழ்ந்த வன்னி நிலம் இதற்குச் சான்று பகர்கின்றது.

வன்னி மக்கள் குளத்தின் கீழ் நெல்லும், காட்டிலே சேனையும் செய்தனர். காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் எள்ளும் விளைத்தபின், நிலத்தை மீண்டும் காட்டிடமே விட்டனர். எரியில் வெளியேறிய காபனிற் பெரும்பகுதி நீண்ட தரிசுக்காலத்தில் மீண்டது; அக்காலம் குறுகியவிடத்து மண் மெலிந்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் மறுதலைச் சான்று காட்டப்படும்வரை முடிக்குரியன என வகுத்தது. 1885ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் காட்டின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. இவ்வாறு, உழவன் ஓய்வளித்த நிலம் அரசின் நோக்கில் உடையவனற்ற நிலமாயிற்று.

ஆபிரிக்காவிலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவில் 1935ஆம் ஆண்டின் வன ஆணையின் பின், நைஜர் உழவர் தம் வயலில் முளைத்த மரத்தையும் தமதெனக் கொள்ள இயலாதிருந்தனர். 1980களில் இக்கட்டுப்பாடு நடைமுறையில் தளரவே, அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்தவற்றைப் பேணலாயினர். தென் நைஜரில் ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேயர் பயிர்நிலம் இவ்வாறு மரஞ்செறிந்தது என மதிப்பிடப்பட்டுள்ளது.

மல்லாவியிலும் இவ்வுண்மை புலனாகின்றது. 1950களில் வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டபோது காடு அழிந்தது. எனினும், குடியேறியோர் வயற்காணியோடு மேட்டுக்காணியும் பெற்றனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரம் பின்னுரித்துக்கும் வழிசெய்தது. அம்மேட்டுக்காணிகளில் தென்னையும் மாவும் பலாவும் ஓங்கின. பேரன் உண்பான் என்ற நம்பிக்கையற்றவன் பலா நடான்.

2008இல் போர் நெருங்கவே மல்லாவி மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டுவந்த எம் பெற்றோருக்கு வளவின் எல்லையைக் காட்டியது எஞ்சிநின்ற வேம்பே. ஆவணம் இழந்த காணிகளையும் வனத்தின் எல்லைக்குட்பட்ட காணிகளையும் பற்றிய பிணக்குகள் வன்னியில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆதலின், மரத்திலுள்ள காபனை அளக்க முற்படுவோர் முதலில் அம்மரம் யாருக்குரியது என வினவுதல் வேண்டும். உரிமை உறுதிப்படாத நிலத்தில் நடப்படும் மரம் நெடுநாள் நில்லாது என்பதே வரலாறு தரும் பாடமாகும்.