பஞ்சாங்கம் யார் கையில்? வேதாகமப் பண்டிகைகளும் தமிழ்க் கிறிஸ்தவர்களும்

மார்கழி பிறந்துவிட்டால் பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை மொட்டைமாடிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டில் திருப்பாவை ஒலிக்கும். எதிர் வீட்டு வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம் இருக்கும். நடுவே இந்த நட்சத்திரம் எரியும். தென்சென்னைப் புறநகரின் டிசம்பர் மாதத்தை இப்படித்தான் நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் சில ஆண்டுகளாகச் சில வீடுகளில் நட்சத்திரம் ஏறுவதில்லை. சேலையூரில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகன், கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லாத பண்டிகை என்று சொல்லி, அன்று தாய் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகப் பஸ்காவையும் கூடாரப் பண்டிகையையும் ஆசரிக்கிறார். தாயார் இன்றும் அந்த மகனின் பங்குக்கு முறுக்கும் அதிரசமும் எடுத்துவைக்கிறார். யாரும் தொடாமலே அந்தப் பாத்திரம் ஜனவரி வரை அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறோம். கிறிஸ்தவர்கள் மரபான பண்டிகைகளை விடுத்து வேதாகமப் பண்டிகைகளை ஆசரிக்க வேண்டுமா என்ற கேள்வி, இணையக் காணொளிகளின் வழியே நேற்று வந்திறங்கிய புதுச்சரக்கு என்று பலர் கருதுகிறார்கள். அது உண்மையன்று. தமிழ் மண்ணில் இக்கேள்வி ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, இன்றைக்கிருப்பதைவிடக் கூர்மையாகக் கேட்கப்பட்டுவிட்டது.

முதலில் கேள்வியின் அடிப்படையைப் பார்ப்போம். லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் தொடங்கிப் பஸ்கா, புளிப்பில்லா அப்பப் பண்டிகை, முதற்கதிர்க் காணிக்கை, வாரங்களின் பண்டிகை, எக்காள நாள், பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறது. இயேசு யூதராகப் பிறந்து இவற்றை ஆசரித்தவர். பஸ்கா காலத்தில்தான் அவர் மரித்தார். கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் சென்றதை யோவான் சுவிசேஷம் சொல்கிறது. டிசம்பர் 25 என்ற தேதியோ சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. அத்தேதியில் கிறிஸ்துவின் பிறப்பு குறிக்கப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 354-ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஓர் உரோமை நாட்குறிப்பு. அதிலுள்ள பதிவு 336-ஆம் ஆண்டு வரை பின்செல்கிறது. சூரிய வழிபாட்டு விழாவுக்குப் போட்டியாக அத்தேதி வைக்கப்பட்டது என்பார் ஒரு சாரார். மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கணக்கிட்டு வந்த தேதி என்பார் மறுசாரார். அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகையின் கதை வேறு. இரண்டாம் நூற்றாண்டில் சிறிய ஆசியாவின் சபைகள் யூத மாதமான நிசான் 14-ஆம் நாளிலேயே பஸ்காவை ஆசரித்தன. உரோமைச் சபை ஞாயிற்றுக்கிழமையை வற்புறுத்தியது. 325-இல் நீசேயாவில் கூடிய சங்கம் ஞாயிறு என்று முடிவு செய்தது. அதையொட்டிப் பேரரசன் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதத்தில் யூதர்மீதான வெறுப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. ஆகவே, திருச்சபை தன் யூத வேரைத் தானே அறுத்துக்கொண்டது என்று இன்று சொல்பவர்களின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்வோம்.

இனித் தமிழகத்துக்கு வருவோம். இடம் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத், ஆண்டு 1857. கலகம் வடக்கே மூண்டிருந்த அதே ஆண்டில், தெற்கே ஓசையில்லாமல் ஒரு கலகம் நடந்தது. அருமைநாயகம் என்ற இயற்பெயருடைய சட்டாம்பிள்ளை, எஸ்.பி.ஜி. சங்கத்தின் உபதேசியாராக இருந்தவர். எபிரேய வேதத்தில் தோய்ந்தவர். நாசரேத்தின் மிஷனரி கேமரரோடு முரண்பட்டு வேலை இழந்தவர். அவரும் அவரைச் சார்ந்த நாடார் கிறிஸ்தவர்களும் மிஷனிலிருந்து பிரிந்து, நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு இந்து கிறிஸ்தவ சபை ஒன்றை நிறுவினர். நாட்டுச் சபை என்று ஊரார் அதை அழைத்தனர்.

அச்சபை செய்தது என்ன? ஐரோப்பிய வாசம் வீசிய யாவற்றையும் விலக்கியது. ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத சாற்றைப் பயன்படுத்தியது. வெள்ளைக்காரர் தலைமையில் இயங்கிய குருத்துவத்தைத் தள்ளியது. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கைக்கொண்டது, தூபம் காட்டியது, சாஷ்டாங்கமாக விழுந்து தொழுதது. இவையெல்லாம் எபிரேய வழக்கம் என்று வேதத்தைத் திறந்து காட்டினார் சட்டாம்பிள்ளை. அதே மூச்சில், இவையெல்லாம் நம் நாட்டு வழக்கத்துக்கும் அணுக்கமானவை அல்லவா என்று கேட்டார். தூபமும் அமாவாசைக் கணக்கும் தரையில் விழுந்து வணங்குதலும் கீழைத்தேயத்துக்குப் பொது. பெஞ்சும் பூட்சும் மேலைத்தேயத்துக்கு உரியவை. மோசேயின் வழியாகச் சென்றால் மிஷனரியைத் தாண்டிவிடலாம் என்று அவர் கண்டுகொண்டார். வேதாகமத்தைவிட உயர்ந்த அதிகாரம் மிஷனரிக்கு இல்லை. அவ்வேதாகமமோ மிஷனரியின் ஊரில் பிறந்ததன்று.

இதன் பின்னே ஒரு காயமும் இருந்தது. 1849-இல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதி வெளியிட்ட ஆங்கில நூல், அச்சமூகத்தாரைத் தாழ்த்திப் பேசியது. அதை எதிர்த்தோரில் முன்னணியில் நின்றவர் சட்டாம்பிள்ளை. எனவே சனிக்கிழமை ஓய்வும் எக்காளமும் வெறும் இறையியல் விவகாரங்களாக இருக்கவில்லை. இழிவுபடுத்தப்பட்ட ஒரு சமூகம் தன் தலையை நிமிர்த்திக்கொள்ள எடுத்த கருவிகளாக இருந்தன. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஒய். வின்சென்ட் குமாரதாஸ். அவர் வரலாறு கற்பித்த இடம் நம் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இக்கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. சனிக்கிழமை ஆசரிக்கும் தமிழர்கள் தெற்கே இருக்கிறார்கள் என்ற செய்தி ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரிகளின் காதுக்கு எட்டியது. 1908-இல் ஜே. எஸ். ஜேம்ஸ் பிரகாசபுரத்தில் பணியைத் தொடங்கினார். அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையை ஏற்றவர்கள். ஆனால் பஸ்கா முதலிய ஆண்டுப் பண்டிகைகள் சிலுவையோடு முடிந்துவிட்டன என்று போதிப்பவர்கள். லேவியராகமத்தின் ஒரே அதிகாரத்தில் முதல் சில வசனங்களைக் கொண்டோர் ஒரு சபை, முழுவதையும் கொண்டோர் மற்றொரு சபை. இரண்டும் ஒரே சிற்றூரில். வேதம் சொல்கிறது என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னே, எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்யும் ஒரு மனிதக் கை எப்போதும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி இன்றைய தாம்பரத்துக்குத் திரும்புவோம். இன்று துண்டுப் பிரசுரங்களிலும் காணொளிகளிலும் வரும் வாதங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் வார்க்கப்பட்டவை. அவற்றுக்கும் ஒரு பரம்பரை உண்டு. இங்கிலாந்தின் தூய்மைவாதப் பாராளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் 1958 வரை டிசம்பர் 25 பொது விடுமுறையே இல்லை. 1837-இல் நம் கிறித்தவக் கல்லூரிக்கு வித்திட்டவர்கள் அந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள்தாம் என்பதை எண்ணிப்பார்த்தால், கிறிஸ்துமஸ் என்பது மேலைநாட்டார் யாவரும் ஒருமுகமாக நம் தலையில் கட்டிய பண்டிகை என்ற எண்ணம் சற்றே ஆட்டம் காண்கிறது.

இறக்குமதி வாதங்களுள் ஒன்று தமிழுக்கு வந்ததும் உயிரிழந்துவிடுகிறது. ஈஸ்டர் என்ற சொல் ஒரு புறச்சமய தேவதையின் பெயரிலிருந்து வந்தது, ஆகவே விலக்கத்தக்கது என்கிறார்கள். அந்தத் தேவதையைப் பற்றிய சான்று எட்டாம் நூற்றாண்டின் பீட் என்ற ஆங்கிலத் துறவி எழுதிய ஒரே ஒரு குறிப்பு மட்டுமே. அது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் பழி வருவது ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில மொழிகளின் பெயருக்குத்தான். கிரேக்கத்தில் அப்பண்டிகை பஸ்கா. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் அது பாஸ்கா. புனித வெள்ளியை ஒட்டி நம் ஊர்களில் நடத்தப்படும் பாடுகளின் நாடகத்துக்கும் பாஸ்கா என்றே பெயர். விட்டுவிட்டதாகச் சொல்லப்படும் எபிரேயச் சொல்லை நம் மக்கள் தேய்ந்த வடிவில் வாயில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. வேதாகமப் பண்டிகைகள் ஒரு நிலத்தின் பண்டிகைகள். பஸ்காவையொட்டிய முதற்கதிர், வாற்கோதுமைக் கதிர். நம் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கீழ் விளைந்ததோ நெல். சம்பா அறுவடை தையில். கூடாரப் பண்டிகை எருசலேமில் நீண்ட கோடையின் முடிவில், மழைக்கு முன்னே வருவது. இங்கோ அது புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் இடையே, வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. 2015-இல் அடையாற்று வெள்ளம் புகுந்த முடிச்சூர்ப் பக்கத்து வீட்டு மாடியில் ஓலைக்கூடாரம் போட்டு அமர்பவரை எண்ணிப்பார்க்கிறோம். மழை கடுமையானால் கூடாரத்தை விட்டு எழுந்து வரலாம் என்று யூத மரபே சலுகை அளிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்து பார்த்ததன் கனிவு அது. மேலும், ஆண்கள் ஆண்டுக்கு மூன்று முறை ஆண்டவரின் சந்நிதிக்கு வர வேண்டும் என்பது கட்டளை, ஆலயமோ கி.பி. 70-இல் இடிந்தது. அதன் பிறகு பஸ்காவை எழுதியபடியே ஆசரித்தல் யூதருக்கும் இயலாது. அவர்களும் பலிக்குப் பதில் பந்தியும் கதையும் வைத்து மரபை வளர்த்துக்கொண்டார்கள். மரபை விட்டு வேதத்துக்குச் செல்கிறோம் என்று புறப்படுபவர் உண்மையில் சென்று சேர்வது வேறொரு மரபில்; அதுவும் இன்று உயிரோடு வாழும் ஒரு மக்களின் மரபில்.

ஆனால் நம் மக்கள் அந்தப் பழைய பண்டிகைகளை முற்றிலும் இழந்துவிட்டார்களா என்றால், இல்லை. புறநகரில் குடியேறியுள்ள மலையாளத் தோமா கிறிஸ்தவரின் வீடுகளில் பெரிய வியாழன் இரவில் பெஸஹா அப்பம் பங்கிடப்படும். புளிக்காத அந்த அரிசி அப்பத்தைக் குடும்பத் தலைவர் ஜெபித்து வெட்டிக் கொடுப்பார். பெஸஹா என்பது சிரியாக் மொழி வழி வந்த பஸ்காவே. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் அறுப்பின் பண்டிகை உண்டு. தேங்காய், வாழைத்தார், பூசணி, சேவல் எனக் காணிக்கையாக வந்தவை வளாகத்தில் ஏலம் போகும். வயல்கள் மனைகளாகிவிட்ட பிறகும், முதற்பலனைக் கொண்டுவருதல் என்ற எண்ணம் ஏலக்காரரின் குரலில் எஞ்சி நிற்கிறது. யாரும் லேவியராகமத்தைத் திறந்து வாதிட்டு இவற்றைக் கொண்டுவரவில்லை. வெற்றுக் கையோடு கோயிலுக்குப் போகலாகாது என்ற நம் ஊர் மனமும் அந்தப் பழைய ஏடும் எங்கோ சந்தித்துக்கொண்டன.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரம் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் அம்மாநாட்டின் நடுவிலேயே வந்தது. அதே ஆண்டில் செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைச் சிந்தனையாளர்கள், மேலைச் சபை அமைப்பை அப்படியே சுமப்பதுதான் கிறிஸ்துவைப் பின்பற்றுதலா என்று நூல் எழுதிக் கேட்டார்கள். சட்டாம்பிள்ளை 1857-இல் கேட்டதும் சாராம்சத்தில் அதுவே: நம் பஞ்சாங்கம் யார் கையில் இருக்கிறது? இன்று அக்கேள்வியை யார் கேட்டாலும் நாம் வரவேற்போம். ஆனால் சட்டாம்பிள்ளை லேவியராகமத்தைக் கொண்டு வெளியூர் அதிகாரத்திலிருந்து விடுபட்டார். இன்றோ அதே லேவியராகமம் வெளியூர் அதிகாரம் ஒன்றின் கையிலிருந்து நமக்கு அனுப்பப்படுகிறது. வசனங்கள் மாறவில்லை. திசை மாறிவிட்டது.

நம் முடிவு என்ன? ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணலாம், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணலாம், அவரவர் மனத்தில் நிச்சயப்பட்டிருக்கட்டும் என்ற கருத்தில் பவுல் உரோமருக்கு எழுதினார். அந்த விசாலத்தில் பஸ்கா ஆசரிப்பவருக்கும் இடமுண்டு. நட்சத்திரம் கட்டுபவருக்கும் இடமுண்டு. எது பண்டிகை என்பதற்கு உபாகமத்தின் 16-ஆம் அதிகாரம் ஓர் அளவுகோல் தருகிறது. வாரங்களின் பண்டிகையையும் கூடாரப் பண்டிகையையும் பற்றிச் சொல்லும்போது, பிள்ளைகளோடும் வேலைக்காரரோடும் நில்லாமல், உன் வாசல்களில் இருக்கும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உன்னோடு மகிழ வேண்டும் என்கிறது. கிறிஸ்துமஸ் காலையில் தட்டில் பலகாரம் வைத்துத் துணி மூடி, இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. தேதி வேதத்தில் இல்லை, தட்டு இருக்கிறது.

சேலையூர் மகனுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நீங்கள் பஸ்காவை ஆசரியுங்கள்; ஆனால் அந்தப் பந்திக்கு உங்கள் தாயாரை அழையுங்கள். டிசம்பரில் அவர் எடுத்துவைக்கும் பாத்திரத்தையும் ஒரு நடை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிரசம் அதிக நாள் தாங்காது.