பொட்டிக்குள்ள பொட்டியும், கட்டிப்போட்ட பூனையும்

போன வாரம் ஒரு சாயங்காலம் முழுசா வீணாப்போச்சு. விர்ச்சுவல் பாக்ஸ்ல ஒரு உபுண்டு சர்வர் போட்டு, வேணுங்கிறதை எல்லாம் நிறுவி, அழகா ஒரு க்ளோன் எடுத்தேன். புது மேக் முகவரி கொடுன்னு மறக்காம டிக் பண்ணியாச்சு. ரெண்டையும் வீட்டு ரௌட்டரோட நேரா இணைச்சு (அதாங்க, பிரிட்ஜ்டு முறையில) ஓடவிட்டா, ரெண்டுக்கும் ஒரே ஐபி! ரௌட்டரை நாலு தடவை அணைச்சுப் போட்டேன். அது பாவம், அது மேல தப்பே இல்லை.

குற்றவாளி, ஈடிசி அடைவுல இருக்கிற மெஷின்-ஐடிங்கிற குட்டி ஃபைல். நிறுவும்போது உருவாகிற அந்த எண்ணை வச்சுத்தான் உபுண்டு தன்னை யாருன்னு சொல்லி ஐபி கேட்குது. நகல்லயும் அதே எண். ரௌட்டர் பார்வையில ரெண்டும் ஒரே ஆள்.

நகல் எடுக்கிறது சுலபம். நகலுக்குன்னு தனி அடையாளம் கொடுக்கிறதுதான் பாடு. இது நேத்து வந்த தலைவலி இல்லை, அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1960களில் கணினின்னா அறையை அடைச்சுக்கிட்டு நிக்கிற ராட்சசன். அதை ஒரே ஆளுக்குக் கொடுத்தா கட்டுப்படியாகாது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ்ல இருந்த ஐபிஎம் மையத்துல ராபர்ட் க்ரீசி குழுவினர் சிபி-40ன்னு ஒண்ணு எழுதினாங்க. 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்த அது, ஒரே எந்திரத்தை 14 எந்திரமாக் காட்டியது. ஒவ்வொருத்தரும் மொத்தப் பொட்டியும் தனக்கே சொந்தம்னு நெனச்சுக்கலாம். 1972ல இதோட வாரிசான விஎம்/370ஐ ஐபிஎம் அறிவிச்சுது.

நம்ம வீட்டு இன்டெல் பொட்டிக்கு இந்த வித்தை வர இன்னும் 27 வருஷம் ஆச்சு. காரணம் சிப்போட குணம். உள்ளே ஓடுற விருந்தாளி எல்லை மீறி ஒரு கட்டளை போட்டா, சிப் உடனே மேற்பார்வை பார்க்கிற மென்பொருள்கிட்ட போட்டுக் கொடுக்கணும். பென்டியம்ல 17 கட்டளைகள் அப்படிச் சொல்லாம கமுக்கமா நழுவிடும்னு 2000ல ஒரு ஆய்வு பட்டியலே போட்டுது. அந்த மாதிரி வில்லங்கக் கட்டளைகளை ஓடும்போதே மாத்தி எழுதற தந்திரத்தோட, 1999லயே விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்துடுச்சு. 2005, 2006ல இன்டெல்லும் ஏஎம்டியும் சிப்புலயே வசதி பண்ணிக் கொடுத்தாங்க. 2007ல விர்ச்சுவல் பாக்ஸ் திறமூலமா வந்து, காசில்லாதவனும் பொட்டிக்குள்ள பொட்டி வைக்கலாம்னு ஆச்சு.

இதுல பெரிய மேட்டர் என்னன்னா, மொத்தக் கணினியும் ஒரு ஃபைல் ஆயிடுச்சு. ஃபைல்னா காப்பி பண்ணாம இருப்போமா? வம்பு அங்கதான் ஆரம்பம். விஎம்வேர்ல காப்பி பண்ணித் திறந்தா, "இதை நகர்த்தினியா, நகலெடுத்தியா?"ன்னு விசாரிக்கும். நகல்னு சொன்னாத்தான் புது மேக் முகவரி கிடைக்கும். விர்ச்சுவல் பாக்ஸ்லயோ, காப்பி பண்ணின வட்டை ஏத்தினா அந்த எண் ஏற்கெனவே இருக்குன்னு முகத்துல அடிக்கும். முறையான க்ளோன் வசதி 2011ல வந்த 4.1 பதிப்புலதான் கிடைச்சுது.

ஆனா இதெல்லாம் வெளி அடையாளம். உள்ளே இருக்கிற இயங்குதளத்துக்குத் தான் நகல்னே தெரியாது. இந்தப் பயம் விண்டோஸ்காரங்களை ரொம்ப ஆட்டிப்படைச்சுது. ஒவ்வொரு விண்டோஸுக்கும் நிறுவும்போதே எஸ்ஐடின்னு ஒரு எண் உண்டு. நகலெடுத்தா எல்லாத்துக்கும் ஒரே எஸ்ஐடி. அதை மாத்த 1997ல மார்க் ருசினோவிச் ஒரு கருவி எழுதினார். பிற்பாடு நியூஎஸ்ஐடின்னு பிரபலமாச்சு. க்ளோன் எடுத்தியா, நியூஎஸ்ஐடி ஓட்டுன்னு அது ஒரு சடங்காவே ஆயிப்போச்சு.

குருநாதர் பூனை கதை தெரியும்தானே? தியானத்துல தொந்தரவு பண்ணுதேன்னு அவர் பூனையைத் தூண்ல கட்டச் சொன்னார். அவர் போனப்புறமும், பூனை செத்தப்புறமும், சீடர்கள் புதுசா ஒரு பூனை வாங்கிக் கட்டிட்டுத்தான் தியானம் பண்ணாங்களாம்.

இங்க குருநாதரே திரும்பி வந்து பூனையை அவுத்துவிட்டார்! 2009 நவம்பரில் ருசினோவிச், தன் கருவியால விஸ்டாவுல சில கோளாறுகள் வருதுன்னு ஆராயப்போய், பிரச்சினையே இல்லாத ஒண்ணுக்குத்தான் இத்தனை வருஷம் மருந்து கொடுத்திருக்கோம்னு எழுதினார். ஒரு பொட்டியோட எஸ்ஐடியை இன்னொரு பொட்டி பார்க்கறதே இல்லை (டொமைன் கன்ட்ரோலர் மட்டும் விதிவிலக்கு), அப்புறம் ஒண்ணா இருந்தா என்னன்னு வாதம். நியூஎஸ்ஐடிக்கு ஓய்வு கொடுத்தாச்சு. சிஸ்பிரெப் ஓட்டுங்கன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா மித்துதானேன்னு பலர் அதையும் விட்டுட்டாங்க.

கதை அங்க முடியலை மக்கா. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த புதுப்பிப்புகள், விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளிலும் சர்வர் 2025லயும் எஸ்ஐடியைச் சரிபார்க்க ஆரம்பிச்சுது. ஒரே எஸ்ஐடி இருக்கிற ரெண்டு பொட்டிகளுக்கு நடுவுல ஃபைல் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் படுத்துடுச்சு. சிஸ்பிரெப் போட்டு முறையா மறுபடி நிறுவறதுதான் நிரந்தரத் தீர்வாம். 2009ல சொன்னது அன்னைக்கு நிஜம்தான். ஆனா மென்பொருள் மாறும்போது, அவுத்துவிட்ட பூனையும் திரும்பி வருது!

அதனால நான் இப்போ பண்றது இதுதான். தாய் எந்திரம் ஒண்ணை வச்சு, நகலெடுக்கிற முன்னாடி, விண்டோஸ்னா சிஸ்பிரெப் ஓட்டி அணைக்கிறேன். லினக்ஸ்னா மெஷின்-ஐடி ஃபைலை அழிக்காம, உள்ளே இருக்கறதை மட்டும் காலி பண்ணி அணைக்கிறேன். அடுத்த தடவை எழும்போது அதுவே புது எண் போட்டுக்கும். எஸ்எஸ்எச் சாவிகளை ஒவ்வொரு நகல்லயும் புதுசா உருவாக்கறேன். இல்லேன்னா ஒரு வீட்டுச் சாவி எல்லா வீட்டையும் திறந்த கதைதான். வட்டுல இடம் மிச்சம் பிடிக்க இணைப்பு நகல் (லிங்க்டு க்ளோன்) எடுத்தா, தாயை மட்டும் அழிச்சுடாதீங்க. பிள்ளைங்க வித்தியாசத்தை மட்டும்தான் வச்சிருக்கும், தாய் போனா எல்லாம் போச்சு.

அஞ்சு நிமிஷ வேலைதான். பூனை இருக்கோ இல்லையோ, கட்டிப்போட்டுட்டே தியானத்துல உட்காருங்க :-)