கூலி என்னும் சொல்

பெருமாநல்லூரில், 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிச் சுடப்பட்டு இறந்த விவசாயிகளுக்கு நினைவிடம் உண்டு. அருகே திருப்பூரில், 1932-இல் அடிபட்டு உயிர்விட்ட கொடிகாத்த குமரனுக்கும் உண்டு. குமரன் காலத்துக் கதருக்கு நூல் நூற்றுத் தந்த கொங்குப் பெண்களுக்கென்று ஒரு கல்லை நான் எங்கும் பார்த்ததில்லை. அவர்கள் வரலாறு தொண்டின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். திருப்பூர் தமிழ்நாட்டுக் கதரின் சந்தையாக வளர்ந்தது. வானம் பார்த்த பூமியில் அறுப்பு முடிந்தால் பெண்களுக்கு வேலை கிடையாது. கைக்குழந்தைக்காரியும் முதியவளும் பஞ்சு வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையிலேயே நூற்று, சிட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு கிடைத்தது. சில்லறைதான். ஆனாலும் வறண்ட மாதங்களில் அடுப்பெரிய அது உதவியது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நூற்பை நிவாரணம் என்று அழைத்ததால், அதற்கு எவ்வளவு தருகிறோம் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கதர் வேலைகளிலேயே மிகக் குறைந்த வரும்படி நூற்பவளுக்குத்தான்.

1935-இல் காந்தியே கேட்டார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா வேண்டும் என்றார். கதர் ஊழியர்கள் பதறினார்கள்: விலை ஏறும், விற்பனை விழும், இருக்கிற வரும்படியும் போய்விடும். கூலி உயர்வு கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்று இன்றைய பனியன் முதலாளிகள் சொல்வதும் இதே பாட்டுதான். அவ்வாண்டு அக்டோபரில் சங்கம் தீர்மானம் போட்டது: எட்டு மணி நேரம் உழைப்பவருக்குப் போதிய சத்துணவுக்கும் துணிக்குமாவது ஆகும் கூலி. எட்டணா கைகூடவில்லை, நூற்புக் கூலி உயர்ந்தது. பத்தாண்டுத் தொண்டு அன்றுதான் நூற்பவளை உழைப்பாளி என்று ஒப்புக்கொண்டது. அதையும் அவள் சார்பில் இன்னொருவர்தான் கேட்க வேண்டியிருந்தது.

அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின் இதே வட்டாரத்து நூற்பாலைகளில் கூலி மறுபடி உதவியாக வேடம் போட்டது. பெயர் சுமங்கலித் திட்டம். தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் பயிற்சியாளர் என்ற பெயரில் விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைக்க வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்து வைத்ததையே சீர் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் ஊர் திரும்பியவளுக்கு அதுவும் மறுக்கப்பட்டதுண்டு.

அவள் வேலை செய்த நாட்களை எண்ணி, நிலுவைக் கூலி என்று எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்த தொண்டு அமைப்புகள் இந்த மேற்கு மாவட்டங்களில் உண்டு. தையல் மெஷின் வழங்கும் விழாக்களுக்கு வருகிற புகைப்படக்காரர்கள் அங்கே வருவதில்லை.