பதிவேட்டில் கோடிட்ட பெண்கள்

1911 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு அயர்லாந்து முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு படிவம். அந்த ஆண்டு மணமான பெண்களிடம் புதிதாக மூன்று கேள்விகள் கேட்டார்கள். மணமாகி எத்தனை ஆண்டுகள்? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? கணவன் உயிரோடு இருக்கும் பெண்களுக்கு மட்டுமே இந்தக் கேள்விகள். ஆனால் ஏராளமான விதவைகள் தங்களுக்கு உரியதல்லாத அந்தக் கட்டங்களையும் நிரப்பிக் கொடுத்தார்கள். இத்தனை பெற்றேன், இத்தனை மிஞ்சியது என்று எண்களைச் சொன்னார்கள். கணக்கெடுத்தவர்கள் காவலர்கள். விதிப்படி அவர்கள் அந்த எண்களின் குறுக்கே கோடு இழுத்தார்கள். அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இந்தப் படிவங்களை இன்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கோட்டுக்கு அடியில் இருக்கும் எண்களைப் பெரும்பாலும் படித்துவிட முடிகிறது.

இந்தப் படிவங்களை நோக்கி என்னை அனுப்பியவர் மார்கரெட் கசின்ஸ். 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக அவரை நாம் அறிவோம். அவர் 1878இல் அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில், பாயில் என்ற ஊரில், மார்கரெட் கில்லெஸ்பியாகப் பிறந்தவர். 1908இல் டப்ளினில் ஹன்னா ஷீஹி-ஸ்கெஃபிங்டனுடன் சேர்ந்து அயர்லாந்து மகளிர் வாக்குரிமைக் கழகத்தை நிறுவியவர். அந்தக் கழகம் 1911 கணக்கெடுப்பைப் புறக்கணித்தது. வாக்கு தராத அரசு எங்களை எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பெண்களின் வாதம். ஒரே இரவில் சில பெண்கள் தங்களை எண்ண விடாமல் மறுத்தார்கள். வேறு சிலர், எண்ணுவதற்கு ஆளில்லாத இடத்தில் தம் பிள்ளைகளைத் தாமே எண்ணிக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே வரலாற்றில் எப்படி வைப்பது என்ற கேள்வியோடுதான் அயர்லாந்தின் குடும்ப ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

அயர்லாந்து மூதாதையரைத் தேடுகிறவர் முதலில் கேள்விப்படும் ஆண்டு 1922. அந்த ஏப்ரலில் பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த படையினர் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைக் கைப்பற்றினார்கள். ஜூன் 28ஆம் தேதி புதிய அரசின் படை பீரங்கியால் சுடத் தொடங்கியது. ஜூன் 30ஆம் தேதி பெரும் வெடிப்பு. அங்கிருந்த பொது ஆவண அலுவலகம் எரிந்தது. எரிந்த தாள்கள் நகரத்தின் மேல் பறந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே தப்பின. உயில்கள் போயின. அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் போயின.

எல்லா இழப்புக்கும் இந்த நெருப்பையே காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்கள் நெருப்புக்குக் காத்திருக்கவில்லை. புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்ட பிறகு அரசே அவற்றை அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக அரைக்கப்பட்டன. அரசுக்கு வேண்டியிருந்தது மொத்தத் தொகை. ஆளின் பெயர் தேவைப்படவில்லை. அதனால் முழுமையாக எஞ்சிய முதல் கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் வேறு நோக்கத்துக்காக எழுதியவற்றைத்தான் புரட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவற்றில் பெரியது ரிச்சர்ட் கிரிஃபித்தின் பெயரால் அழைக்கப்படும் நில மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை, வரி விதிப்பதற்காக, நாட்டின் ஒவ்வொரு நிலமும் வீடும் யார் வசம் இருந்தது, யாருக்குக் குத்தகை கட்டினார்கள் என்று எழுதினார்கள். அதற்கு முந்தையது 1823 முதல் 1837 வரை எழுதிய தசமபாகக் கணக்கு. இரண்டிலும் இருப்பது குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். மனைவி, மகள், மாமியார், வேலைக்காரப் பெண் யாருக்கும் இடமில்லை. கணவன் இறந்து நிலம் தன் பொறுப்புக்கு வந்த பிறகே ஒரு பெண் பெரும்பாலும் இந்த ஏடுகளில் தலைகாட்டுகிறாள்.

கிரிஃபித்தின் ஆட்கள் நிலத்தை அளந்துகொண்டிருந்த காலம்தான் பெரும்பஞ்சத்தின் காலமும். 1845 முதல் 1852 வரை ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். எல்லாருடைய பிறப்பையும் இறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864இல்தான். கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவேடு அரிது. பஞ்சத்தில் குழந்தையோடு சாலையோரம் விழுந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. அவள் இருந்தாள் என்பதை, அதற்கு முன்னால் அவள் பெற்ற வேறொரு பிள்ளையின் ஞானஸ்நானக் குறிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்த ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் பெண்ணைத் தேடுகிறவருக்குக் கிடைக்கும் நல்ல துணை. 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் நுண்படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் வெளியிட்டது. கையெழுத்து மோசம், மை பரவியிருக்கிறது, பல லத்தீனில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் குழந்தையின் தாய்க்குப் பெரும்பாலும் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலிக்கப் பதிவேடுகள் பலவற்றில் தாய் வெறும் மேரியாகவோ ஆனாகவோ நிற்கிறாள். இங்கே அவள் இன்ன குடும்பத்து மேரி. ஞானத்தாயின் பெயரும் பக்கத்திலேயே இருக்கும். அவள் அநேகமாகத் தாயின் தங்கையாகவோ நாத்தனாராகவோ இருப்பாள். ஆண்வழியில் கொடி பிடித்துப் போகும் ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களைத் தாண்டிவிடுகிறார்கள். பெண்வழியைத் தேடுகிறவருக்கு வழி இங்கேதான் திறக்கிறது.

அந்த வழியிலும் பெயர் நழுவிக்கொண்டே இருக்கும். லத்தீனில் ஹொனோரா என்று எழுதப்பட்டவள் வீட்டில் நோரா. இன்னொரு ஏட்டில் ஹானோரா. பிரிஜிடா என்பவள் பிரிட்ஜெட், பிரீட், பிட்டி, டெலியா எல்லாமும்தான். அமெரிக்கப் பணக்கார வீடுகளில் பிட்டி என்பது அயர்லாந்து வேலைக்காரிகளைக் கேலியாகச் சுட்டும் பொதுப்பெயராகிப் போனதால், அங்கே போன பிரிட்ஜெட்டுகள் பலர் டெலியாக்களாகவும் பெர்த்தாக்களாகவும் மாறிக்கொண்டார்கள். குடும்பப்பெயரின் கதை வேறு. ஐரிஷ் மொழியில் தகப்பன் ‘ஓ’ என்றால் மகள் ‘நீ’, தகப்பன் ‘மாக்’ என்றால் மகள் ‘நிக்’. மனைவிக்கு வேறு வடிவம். ஒருத்தி மகளாக நிற்கிறாளா மனைவியாக நிற்கிறாளா என்பது பெயரிலேயே தெரிந்தது. ஆண் வழியாகவே பெண்ணை அடையாளப்படுத்திய ஏற்பாடுதான் அதுவும், ஆனால் பெண் அதில் தனியாகத் தெரிந்தாள். ஆங்கிலத்தில் எழுதிய அதிகாரிகளின் கையில் இந்த வேறுபாடு அழிந்து, எல்லாரும் ஒரே குடும்பப்பெயருக்குள் போனார்கள்.

இந்தத் தேடலில் என்னை அதிகம் நெகிழ வைத்தவை ஓய்வூதியப் படிவங்கள். 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1909 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். 70 வயது என்பதை எப்படிக் காட்டுவது? 1864க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு நாட்டையே புரட்டிப்போட்ட பெருங்காற்று தங்களுக்கு நினைவிருப்பதாகப் பலர் சாட்சி சொன்னார்கள். காற்று போதாதபோது பழைய கணக்கெடுப்பில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். 1841இல், 1851இல் நீ எந்த ஊரில், யார் வீட்டில் இருந்தாய்? அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? எழுத்தர் டப்ளினில் உள்ள மூல ஏட்டைத் தேடி, கண்டதையும் காணாததையும் படிவத்தில் குறித்தார்.

பதின்மூன்று ஆண்டுகளில் மூல ஏடுகள் எரிந்தன. படிவங்கள் தப்பின. இன்று அவை தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 5 ஷில்லிங்குக்காக ஒரு கிழவி தன் தாயின் பெயரைச் சொல்லி நின்றதால்தான், எரிந்துபோன கணக்கெடுப்பின் ஒரு வீடு நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. 2022இல், நெருப்பின் நூற்றாண்டில், டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலம், பல நாட்டுக் காப்பகங்களில் கிடந்த படிகளைத் திரட்டி எரிந்த அலுவலகத்தை மறுபடி கட்டிவருகிறது. அந்தக் கிழவிகள் தங்கள் பங்குக்கு இதே வேலையைத்தான் தெரியாமலே செய்திருக்கிறார்கள்.

கடல் கடந்தவர்களைத் தேடுவது இன்னும் கடினம். பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள். 1848 முதல் 1850 வரை, ஏழையர் விடுதிகளில் இருந்த 4,000க்கும் மேற்பட்ட அநாதைச் சிறுமிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே போய் மணந்து, பெயர் மாறி, மறைந்துபோனார்கள்.

எல்லாராலும் கொண்டாடப்பட்ட ஒருத்தியே தொலைந்துபோன கதையும் உண்டு. 1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே வந்தவள் கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர். தம்பிகள் இருவரை அழைத்துக்கொண்டு, முன்பே போய்விட்ட பெற்றோரிடம் போனாள். வரவேற்பாக 10 டாலர் தங்கக் காசு கொடுத்தார்கள். அன்று அவளுக்கு 15ஆவது பிறந்தநாள் என்றன பத்திரிகைகள். உண்மையில் வயது 17. பல பத்தாண்டுகளாக அவள் டெக்சாஸுக்குப் போய் 1923இல் டிராம் மோதி இறந்ததாகச் சொல்லிவந்தார்கள். டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவின் இல்லினாயில் பிறந்தவர் என்பதையும், உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை என்பதையும் 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்தார். ஜெர்மானிய வழியினர் ஒருவரை மணந்து, 11 பிள்ளைகள் பெற்று, ஐவரை மட்டும் வளர்த்து ஆளாக்கி, 1924இல் அவள் இறந்தாள். குவீன்ஸில் உள்ள கல்வாரி கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்தாள். 2008இல்தான் கல் நட்டார்கள். கோவ் துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் அவளுக்குச் சிலை நின்றது. அவள் மண்ணுக்கு மேல் ஒன்றும் இல்லை. மணத்தால் மாறிய ஒரு குடும்பப்பெயர் இதற்குப் போதுமானதாக இருந்தது.

இவையெல்லாம் பழைய கதைகள் என்று நினைத்துவிட வேண்டாம். கால்வே மாவட்டத்தின் டூவம் ஊரில் கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லம் 1925 முதல் 1961 வரை இருந்தது. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அங்கே அனுப்பினார்கள். உள்ளூர் வரலாற்றை எழுதிவந்த கேத்தரின் கார்லெஸ் அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கினார். 796 சான்றிதழ்கள். ஊர்க் கல்லறைப் பதிவுகளில் அந்தப் பெயர்களைத் தேடினார். அநேகமாக ஒன்றும் இல்லை. 2017இல் அரசு அமைத்த விசாரணை ஆணையம் அந்த இடத்தில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை உறுதிசெய்தது. முழுமையான அகழ்வு 2025இல்தான் தொடங்கியது. அங்கும் மற்ற இல்லங்களிலும் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குத் தம் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழுச் சட்ட உரிமை 2022இல்தான் வந்தது. நெருப்பு இங்கே யாரையும் தடுக்கவில்லை. ஆவணம் இருந்தது, அலமாரி பூட்டியிருந்தது. தேடியவர்களுக்கு எட்டாமல் இருந்தவர் எந்தக் காலத்து மூதாதையோ இல்லை, பெற்ற தாய்.

வம்சாவளித் தேடலைப் பொதுவாகக் குலப்பெருமையின் பொழுதுபோக்காகவே பார்த்துவந்தேன். ஆண்வழி மரம் வரைந்து சுவரில் மாட்டும் வேலை. கார்லெஸ் செய்ததும் ஸ்மோலென்யாக் செய்ததும் அந்த வேலை இல்லை. சாட்சிக் கையெழுத்தை, ஞானத்தாயின் பெயரை, சான்றிதழின் எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், யாரை விட்டார்கள் என்ற கேள்விகள் பின்னாலேயே வருகின்றன.

1911 படிவங்களுக்கு அவ்வப்போது திரும்பிப் போகிறேன். கணவன் இல்லாத பெண்ணின் பிள்ளைக்கணக்கு அரசுக்கு வேண்டாம். அவளோ சொல்லிவிட்டாள், பிறந்தது இத்தனை, இருப்பது இத்தனை. இடையில் உள்ள வித்தியாசம் அவள் புதைத்த பிள்ளைகள். அவர்களில் பலருக்கு வேறெங்கும் பதிவு கிடைக்காது. காவலர் அந்த எண்களைச் சுரண்டி எடுக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டார். அந்த அளவில் அவருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.