மார்பில் குத்திய மலர்



பாகூரிலும் வில்லியனூரிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற 'சொல்தா'க்களின் வீடுகளுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். கூடத்துச் சுவரில் சீருடையணிந்த படம் ஒன்று தொங்கும். நிமிர்ந்த மார்பையும் பதக்கத்தையும் பார்க்கிறோம். அப்படம் எந்நாளில் எடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. அக்கேள்வியின் அருமையை உணர்த்தும் பழம் புகைப்படம் ஒன்றை இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன்.

1916 ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள். பாரிஸ் வீதியில் இந்தியப் படைவீரர்கள் அணிவகுத்துச் செல்கின்றனர். பெண்மணி ஒருவர் அணியை நெருங்கி, தலைப்பாகை அணிந்த சீக்கிய வீரர் ஒருவரின் சட்டையில் மலர் குத்துகிறார்.

முதற்பார்வையில் இது நன்றியின் படம். பதக்கம் குத்தும் இடத்தில் பூ. அரசின் கரத்திற்குப் பதிலாக ஒரு குடிமகளின் கரம். காண்போர் நெஞ்சம் குளிர்கிறது.

ஆயினும் நம் முன்னோர் பூவைக் கொண்டே போரின் நிலையைக் குறித்தவர்கள். படையெடுப்புக்கு வஞ்சி, எதிர்நின்று பொருவதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை என்று வகுத்தனர். பாரிஸில் குத்தப்பட்ட மலர் இவற்றுள் எதைக் குறித்தது? படத்தின் எல்லைக்கு வெளியே நோக்கினால்தான் விடை கிடைக்கும்.

அந்தப் பிப்ரவரி முதல் வெர்தனில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலை 1 அன்று சோம் நதிப் பகுதியில் பிரித்தானியப் படையினர் 57,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வீழ்ந்தனர். அவர்களுள் 19,000க்கும் அதிகமானோர் மாண்டனர். பாரிஸில் மலர் குத்தப்பட்ட அதே ஜூலை 14 அன்று, சோம் களத்தின் கார்னாய் பள்ளத்தாக்கில் இந்தியாவின் 20ஆம் டெக்கான் குதிரைப்படை குதிரைகளோடு காத்திருந்தது. அக்காட்சியும் புகைப்படமாக நிலைத்துள்ளது. அன்று மாலை அவர்கள் ஹை உட் என்னும் காட்டருகே ஈட்டியேந்தி, இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த களத்தில் பாய்ந்தனர். ஆயினும் அக்காடு அன்று கைப்பற்றப்படவில்லை; செப்டம்பர் 15 அன்றுதான் முழுமையாகப் பிரித்தானியர் வசமாயிற்று.

ஒரே நாள், ஒரே நாடு, இரு படங்கள். ஒன்றில் மலர்ச்சி, மற்றொன்றில் காத்திருப்பு. இரண்டும் பொய்யல்ல, ஆனால் முதற்படத்தை மட்டும் கண்டவர் அதை வாகை என்று எண்ணியிருப்பார். உண்மையில் அது தும்பைக் காலம்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முதல் உலகப்போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் உள்ளது. இன்றும் ஜூலை 14 அன்று அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. மார்பில் குத்திய மலரும் கல்லின்மேல் வைக்கும் மலரும் ஒரே நாளுக்குரியவையாய் அமைந்துவிட்டன.

ஆகவே, அடுத்தமுறை அச்சுவரின்முன் நிற்கும்போது, "ஐயா, இது எந்த ஆண்டு? இதன்பின் எங்கே அனுப்பினார்கள்? உடன் நிற்பவர்களில் யார் திரும்பவில்லை?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் எழுதிவையுங்கள். சொல்ல அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.