பழுப்பும் பல்பும்

அமெரிக்க நாட்டுப் பழைய கௌபாய்க் கதைப் பத்திரிகைகளின் மேலட்டைச் சித்திரங்களைப் பற்றி அண்மையில் என்னோடு உரையாடிய அன்பர் ஒருவர், அவ்விதழ்களுக்கு வழங்கும் 'பல்ப்' என்னும் பெயர், தாள் நாளடைவில் நிறம் மாறுவது கருதி நம் 'பழுப்பு' என்னுஞ் சொல்லினின்றும் பிறந்ததெனச் சாதித்தார். ஒலி ஒத்தால் உறவென்று கொள்ளும் இந்நோய்க்கு மருந்து யாதோ! பெயர் புதுத் தாளுக்கே இட்டது. பழுப்பு பிற்பாடு ஏறியது.

'பல்ப்' லத்தீனின் 'புல்பா'வினின்றும் வந்தது. அங்கு 'புல்பா' என்பது தசை. உரோமக் கவி பெர்சியுஸ் தம் இரண்டாம் அங்கதத்தில் பாவம் படிந்த மானிட சரீரத்தை இச்சொல்லாற் சுட்டினார். உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை நூலின் 16ஆம் பகுதியில் மரத்தின் சதைக்கும் இதனையே ஆண்டார். மரத்துக்குத் தசை கூறுவது நமக்கும் புதிதன்று. பனையின் உள்ளீட்டைச் சோறென்கிறோம். காழ் நிற்கும் இடங்கொண்டு தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் பிரித்தமை யாவரும் அறிந்ததே. தசை நைந்தாற் கூழ்; அதுவே ஆங்கிலத்திற் 'பல்ப்'. மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியை 1840களில் சாக்சனி நாட்டுக் கெல்லர் கண்டார். அம்மலிவுத் தாளில் மன்சி என்பார் தம் 'ஆர்கசி'யை 1896இல் முழுக் கதையிதழாக்கி வெளியிட்டார். தாளின் பெயர் இதழுக்கானது கருவியாகுபெயர்.

  

ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் நிறுவனத்தார் 1919இல் தொடங்கிய 'வெஸ்டர்ன் ஸ்டோரி'யை எடுத்துப் பாருங்கள். உள்ளே, மை ஊறும் சொரசொரப்பான கூழ்த்தாளுக்கு ஏற்ப எக்கன்ஹோபர் முதலியோர் தீட்டிய கறுப்புக் கோட்டுச் சித்திரங்கள். மேலேயோ, வர்ணம் கலங்காதிருக்கும் பொருட்டு மெருகிட்ட வேறு தாள். நார்மன் சாண்டர்ஸ் போன்றோர் தைல வர்ணத்தில் எழுதிய சிவப்பு வானமும், பாயும் புரவியும், கடை வரிசையில் நிற்பவனை நோக்கி நீளும் கைத்துப்பாக்கியும் அச்சேறியது அத்தாளிலேதான். இன்று உள்தாள் பழுத்து நொறுங்க, அட்டையின் சிவப்பு மங்காதிருக்கும் பிரதிகள் பல. அன்பருடைய பழுப்பு, அவர் வியந்த சித்திரத்தைத் தீண்டவேயில்லை!

ஆதலின் 'பல்ப்' புல்பாவே. கூழ்த்தாளில் அச்சேறாத அம்மேலட்டைகளைப் 'பல்ப் ஓவியம்' என்பது உலக வழக்காயினும் வழுவென்பதே என் துணிபு.